எனக்கு மட்டும் திறந்த போர்ட்ஃபோலியோ

என் கற்பித்தல் போர்ட்ஃபோலியோவின், அதாவது வகுப்பில் நான் செய்த வேலைகளின் தொகுப்பின், லிங்க் அனுப்பிய மறுநாளே தேர்வுக்குழுவிடமிருந்து பதில்: "பக்கம் வருகிறது, உள்ளே ஒரு ஃபைலும் திறக்கவில்லை." கூகுள் சைட்ஸில் (இணையப் பக்கம் அமைக்கும் கூகுள் சேவை) பக்கத்தைப் பப்ளிஷ் செய்தால் அதில் செருகிய டிரைவ் ஃபைல்களும் கூடவே திறந்துவிடும் என்று நம்பியதன் பலன். இரண்டுக்கும் அனுமதி தனித்தனி. நாம் லாகின் செய்திருக்கும் பிரவுசரில் எல்லாமே திறக்கும் என்பதால் பிழை கண்ணில் படாது. நம் லாகின் இல்லாமல் திறக்கும் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒவ்வொரு லிங்க்கையும் சொடுக்கிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

ஷேரிங்கை மாற்றப் போனால் அடுத்த முட்டுக்கட்டை: கல்லூரிக் கணக்கு. வெளியாட்களுக்குப் பகிர்வதை அட்மின் தடுத்திருந்தால் நம் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. வேலை மாறினால் அந்தக் கணக்கோடு ஃபைல்களும் போகும். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக இறக்கிச் சொந்தக் கணக்கில் ஏற்றினேன். வேர்டாக இறக்கினால் அட்டவணைகள் இடம் மாறுவதுண்டு.

பாடத்திட்டம், இரண்டு பக்கக் கற்பித்தல் கொள்கை, சக ஆசிரியர் வகுப்பு பார்த்து எழுதிய குறிப்பு இவற்றில் சிக்கல் இல்லை.

உண்மையில் பயமுறுத்தியது மாணவர் விடைத்தாள். அனுமதி வாங்கி, பெயர் மேல் கறுப்புக் கட்டம் போட்டாயிற்று. ஆனால் கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் முழுப் பெயரும் பதிவு எண்ணும் வந்து விழுகின்றன! கட்டம் மேலே மிதக்கிறது, எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது. மூல ஃபைலிலேயே பெயரை அழித்துவிட்டு, பிறகு பிடிஎஃப் எடுப்பதுதான் வழி. ஃபைல் பெயரையும், பிராப்பர்ட்டீஸில் இருக்கும் ஆத்தர் பெயரையும் பாருங்கள். அங்கேயும் மாணவர் பெயர் உட்கார்ந்திருக்கலாம்.

மாணவர் கருத்துக்கணிப்பில் சராசரியை வெறும் "4.6" என்று போடாதீர்கள். 60 பேரில் 14 பேர் பதில் சொன்னதா, 55 பேரா என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்றுதான் தோன்றும்.

எட்டுப் பாடங்களையும் கொட்டியிருந்ததை ஒன்றாகக் குறைத்தேன். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அசைன்மென்ட், மதிப்பெண் பகுப்பு, திருத்திய தாள், அடுத்த பருவத்தில் மாற்றியது என்ன என்று வரிசையாக வைத்து மறுபடி அனுப்பினேன். இந்த முறை வந்த கேள்வி, மூன்றாவது அசைன்மென்ட்டில் வரைவுக்கு ஏன் 10 மதிப்பெண் என்பது. அப்பாடா, திறந்திருக்கிறது.