நாமினி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே வீட்டில் 17 வருடம் இருந்தோம். தெருவுக்கு அது ‘டெய்லர் அக்கா வீடு’. குடிவரும்போது வீட்டுக்காரரிடம் என்னைச் சித்தி மகள் என்று சொல்லிவைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் அவளுடைய அண்ணன் பீரோ சாவியைக் கேட்டார். “நீங்கள் அவளுக்கு என்ன வேண்டும்? எங்கள் சித்திக்குப் பெண் குழந்தையே கிடையாதே!”

லீஸ் பணம் மூன்று லட்சத்தில் பாதி என் ஏலச்சீட்டுப் பணம். ஒப்பந்தத்தில் இருந்ததோ அவள் பெயர் மட்டும். சீட்டுப் புத்தகத்தை நீட்டினேன். வீட்டுக்காரர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாரிசுச் சான்றிதழோடு வந்தவரிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். நான் இப்போது தண்டையார்பேட்டையில் ஓர் அறையில் இருக்கிறேன்.

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை வக்கீல் வாசித்துக் காட்டினார். உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவனும், அடுத்து கணவனின் வாரிசுகள், பிறகு தாய் தந்தை, அதன்பின் தந்தையின் வாரிசுகள். கல்யாணமே ஆகாதவள், பெற்றோரும் இல்லை. ஆக, அண்ணன். கணவனின் சொந்தக்காரர்களுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது, எனக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1999இலேயே, மணமுடிக்காமல் சேர்ந்து வாழும் ஒரே பாலினத் துணையையும் வாரிசுச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்களாம்.

2023 அக்டோபரில் எங்களைப் போன்றவர்களுக்குத் திருமண உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, “நமக்கு எதற்கடி கல்யாணம்” என்று அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மறு வருடம் ஆகஸ்டில், துணையை வங்கிக் கணக்கில் நாமினியாகப் போடத் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. செய்தியைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு என்னை வங்கிக்கு இழுத்துப்போனாள். திரும்பும் வழியில் இரண்டு பேரும் ரோஸ்மில்க் குடித்தோம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

வங்கியும் 86,000 ரூபாயை என்னிடம் கொடுத்தது. பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், அது வாரிசுக்குச் சேர வேண்டியது. ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1984இலும், பங்குகள் விஷயத்தில் 2023இலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. அவள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். இஸ்திரிக்காரரும் பூக்காரம்மாவும் கூப்பிட்டால் வந்திருப்பார்கள். ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவெல்லாம் குறித்துவைத்த நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டேன். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அண்ணன் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்தார். அவளும் அப்படித்தான் வைப்பாள்.