61 மெகாபிக்சலில் ஒரு லுங்கி

துபாயிலிருந்து லீவில் வந்த மச்சினன், தன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போனான். போகிற போக்கில் சும்மா போயிருக்கலாம். “மாமா, இது 61 மெகாபிக்சல். பறக்கிற வாத்தோட இறகை ஒண்ணொண்ணா எண்ணலாம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. வாத்தின் இறகை எண்ணவேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. அன்று ராத்திரி பார்த்து அதே நினைப்பாகத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். “பால் வாங்கவா?” என்றாள் மனைவி. “வாத்து” என்றேன். அவள் மறுபடி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கரணை எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம் அது. பழைய ஆட்கள் இன்னமும் கழுவெளி என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் அடுக்குமாடி, நடுவே ரேடியல் ரோடு. இத்தனைக்கும் நடுவில் ஜனவரி மாதத்தில் சைபீரியா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து ஊசிவால் வாத்தும் கிளுவை வாத்தும் வந்து இறங்குகின்றன. அத்தனை தூரம் பறந்து வந்து இங்கேதான் இறங்கவேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வேறு இடம் எங்கே மிச்சம் இருக்கிறது என்பது அவற்றுக்குத்தான் தெரியும்.

சாலையோர நடைபாதையில் எனக்கு முன்பே ஒரு பெரியவர் நின்றிருந்தார். கழுத்தில் பைனாகுலர், சட்டைப் பையில் நாற்பது பக்க நோட்டு, குரங்குக் குல்லா. நான் 200-600 லென்ஸை மாட்டித் தூக்கினேன். மொத்தம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரேஷன் அரிசிப் பையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் படம் நன்றாக வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதனால் மேற்காகத் திரும்பி நின்றேன். நாலு புள்ளிமூக்கு வாத்துகள் எழும்பின. ஷட்டரை அழுத்தினேன். டகடகடக. அடுத்து கிளுவைகள். டகடகடக. நொடிக்குப் பத்துப் படம்! இயந்திரத் துப்பாக்கி கிடைத்தவன் மாதிரி ஆகிவிட்டேன். பெரியவர் பைனாகுலரை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது போல என்று நினைத்து, சத்தமில்லாத மோடுக்கு மாற்றினேன். மிகுந்த நாகரிகமாக உணர்ந்தேன்.

“எல்லாம் முதுகைக் காட்டிட்டே போகுதே தம்பி, பார்த்தீங்களா?” என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அன்றைக்கு மேற்கிலிருந்து நிலக்காற்று. வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்புமாம். வெளிச்சம் எனக்குப் பின்னால், காற்று எனக்கு எதிரே. அதாவது அழகான பொன்வெயிலில் நான் எடுத்துக்கொண்டிருந்தது முழுக்க முழுக்கப் பின்புறங்கள்.

“முதல்ல நாமக்கோழியை எடுத்துப் பழகுங்க. அது ஏரோப்ளேன் மாதிரி, தண்ணிமேல தடதடன்னு ஓடித்தான் எழும்பும். உங்களுக்கு நேரம் கிடைக்கும். இந்த வாத்தெல்லாம் லிஃப்ட். நின்ன இடத்துலேருந்து ஜிவ்வுன்னு மேல போயிடும். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி தலையை மேலும் கீழும் ஆட்டும், அதைப் பாருங்க” என்றார். ஷட்டர் வேகம் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டார். நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு என்றேன். “ரெண்டாயிரமாவது வையுங்க. மெகாபிக்சல் ஏற ஏற கை நடுக்கமும் சேர்ந்து பெருசாத் தெரியும்.”

“எத்தனை எடுத்தீங்க?” என்று கேட்டார். “ஐந்நூறு இருக்கும் சார். நீங்க?” “பதினொண்ணு.” “படமா?” “பறவை” என்று நோட்டைக் காட்டினார். அவரும் ஒரு காலத்தில் படம் எடுத்தவர்தானாம், ஃபிலிமில். ஒரு ரோலுக்கு 36.

சரி என்று வேகத்தைக் கூட்டினேன். கொஞ்சம் நகர்ந்து, காற்று முதுகில் படுகிற மாதிரி நின்றேன். தலையாட்டலுக்காகக் காத்திருந்தேன். அப்போது ஒரு பூனைப்பருந்து நாணலை ஒட்டித் தாழப் பறந்து வந்தது. அவ்வளவுதான், மொத்தத் தண்ணீரும் எழுந்து நின்றது. ஊசிவால் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கும். வெள்ளை வயிறும் நீளக் கழுத்துமாக நேராக என்னைப் பார்த்து வந்து, தலைக்கு மேலே சர்ரென்று கடந்தன. நான் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். திரையில் கார்டு நிறைந்துவிட்டது என்று வந்தது. மச்சினன் சுருக்காத ரா ஃபைலில் வைத்திருந்தான். ஒரு படம் 120 எம்பி. 64 ஜிபி கார்டு வாத்துப் பின்புறத்தால் நிறைந்திருந்தது.

பெரியவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷர்.

வீட்டில் என் பழைய லேப்டாப் ஒரு படத்தைத் திறப்பதற்குள் குக்கர் மூன்று விசில் விட்டது. மதியம்வரை பார்த்தேன். சத்தமில்லாத மோடில் எடுத்தவற்றில் இறக்கைகள் நமுத்த அப்பளம்போல வளைந்திருந்தன. அந்த மோடில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்குமாம். கடைசி வரிக்கு வருவதற்குள் இறக்கை வேறு இடத்துக்குப் போய்விடும். நாகரிகத்துக்குக் கிடைத்த பலன்.

மற்றவற்றில் வாத்து ஒரு பழுப்பு மேகம். ஆனால் கேமரா சும்மா இருக்கவில்லை, பின்னால் இருந்த அடுக்குமாடியை அப்படியே பிடித்திருந்தது. மூன்றாவது மாடி பால்கனிக் கொடியில் ஒரு நீலக் கட்டம்போட்ட லுங்கி. பெரிதாக்கினேன். மச்சினன் பொய் சொல்லவில்லை, எண்ண முடிந்தது. குறுக்கே 22 கட்டம், பாக்கி மடிப்பில் போய்விட்டது. இருபது படம் தள்ளி அதே பால்கனிக்கு ஒருவர் வந்து பல் தேய்க்கிறார். இன்னும் பத்துப் படம் தள்ளி லுங்கியைக் காணோம்.

ஐந்நூற்றுச் சொச்சத்தில் ஒன்றே ஒன்று தேறியது. புள்ளிமூக்கு வாத்து, இறக்கை முழுக்க விரிந்து, அந்தப் பச்சைப் பட்டை வெயிலில் மின்ன, ஈரக் காலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுகிறது. பின்புறம்தான். இருந்தாலும் பின்புறங்களில் அது ஒரு காவியம். உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 120 எம்பி படம் அங்கே போய்ச் சேர்ந்தபோது 200 கேபி.

முதல் பதில் மாமியாரிடமிருந்து வந்தது. “தட்டாம்பூச்சி ரொம்ப அழகா இருக்கு மாப்பிள்ளை.”

நன்றி அத்தை என்று போட்டுவிட்டேன்.