உறையைத் திறந்ததும் ஓடும் பெண்கள்

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டு மாதத்தில் 'பிட் டே' என்றொரு நாள் வரும். முதலாண்டு மாணவியர் பிரையன்ட்-டென்னி விளையாட்டரங்கில் கூடி, தங்களைச் சேர்த்துக்கொண்ட சொராரிட்டி (ஒரே வீட்டில் தங்கும் மாணவியர் சங்கம்) எது என்று சொல்லும் உறையை ஒரே நேரத்தில் பிரித்து, அலறிக்கொண்டே அந்தந்த வீட்டை நோக்கி ஓடுவார்கள். அந்தக் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் கறுப்பின முகங்களைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்னமும் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

1963 ஜூன் 11 அன்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்றும், அப்பல்கலைக்கழகத்தில் இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர்ந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில், நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க சொராரிட்டி உறுப்பினர்கள் விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள் என்று 'தி கிரிம்சன் ஒயிட்' என்ற மாணவர் நாளிதழ் எழுதியது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மறுபடி திறக்க உத்தரவிட்ட பிறகே ஒருசிலருக்கு இடம் கிடைத்தது.

எழுதப்பட்ட தடை அப்போது எங்கும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது: 1948இல் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்ததற்காக, ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கிளையையே ஃபை கப்பா சை என்ற ஆண் மாணவர் சங்கம் வெளியேற்றியது. பின்னர் விதிகளிலிருந்து அந்த வரிகள் போயின. ஆனால் முன்னாள் உறுப்பினர் எழுதித்தரும் பரிந்துரைக் கடிதமும், தாயோ பாட்டியோ உறுப்பினராக இருந்தவருக்கான முன்னுரிமையும் அப்படியே நிலைத்துவிட்டன. பாட்டிக்குக் கல்லூரியிலேயே இடம் தராதவர்கள் பேத்தியிடம் பாட்டியின் பெயரைக் கேட்டால் அவள் எங்கே போவாள்? பல தேசிய அமைப்புகள் இந்த முன்னுரிமையைக் கைவிட்டதே 2020இலும் அதற்குப் பிறகும்தான்.

'கறுப்பினத்தவர்களுக்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றனவே' என்று சொல்பவர்கள்மீது எனக்கு எரிச்சல் வரும். 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும், 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய, கமலா ஹாரிஸ் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் பெருமைக்குரியவை. அவற்றை விரும்பித் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். அந்த விருப்பத்தைக் காட்டி மற்ற வீடுகள் தங்கள் கதவைச் சாத்திக்கொள்வது வேறு விஷயம்.

2015இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் சங்க மாணவர்கள் பேருந்தில் இனவெறிப் பாட்டுப் பாடிய காணொளி வெளியானதும், இரண்டே நாளில் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். அங்கே ஒரு கைபேசி காட்டிக்கொடுத்தது. காரணம் சொல்லாமல் ஒரு பெயரை அடித்துவிடும் அறைகளிலிருந்து அப்படி எதுவும் வெளிவருவதில்லை. அலபாமாவில் விஷயம் வெளியே வந்ததுகூட, உள்ளே இருந்த சில பெண்கள் வாய் திறந்ததால்தான்.