மஞ்சள் புள்ளிகள்: ஒரு கொசு அறை நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

புதுத் தொகுதி வெளிவந்துவிட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி, மலேரியா பரப்பும் கொசு இனம். ஆண்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களை மட்டும் இரண்டு கப்பில் ஐம்பது ஐம்பதாகப் போட்டேன். 'அ' கப்புக்கு 10 சதவீத சர்க்கரைத் தண்ணீர். 'ஆ' கப்புக்கும் அதேதான், கூடவே பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும். குடலில் பாக்டீரியா குறைந்த கொசு மலேரியா ஒட்டுண்ணியை எப்படி ஏற்கிறது என்று பார்க்க வேண்டும். பதில் 2009-லேயே வந்துவிட்டது: பாக்டீரியாவை விரட்டினால் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம். நான் செய்வது கை பழக. கை பழகாதவர்கள் புதுக் கேள்வி கேட்கக் கூடாது என்பது எங்கள் சீனியர் அக்காவின் சட்டம்.

கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது கொசு தன் பழைய குடலின் உட்புறத்தையே கழித்துவிடுகிறது. அதோடு பாக்டீரியாவில் பெரும்பகுதி போய்விடும். பிறகு வெளிவந்த தண்ணீரிலிருந்தும் குடிக்கும் சர்க்கரையிலிருந்தும் மறுபடி சேர்த்துக்கொள்ளும். எனவே ஆன்டிபயாடிக்கை முதல் நாளிலிருந்தே கொடுப்பதுதான் தோது.

மார்ச் 8, சனி

ரத்தம் கொடுத்த நாள். எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் பெர்கை, மனிதருக்குத் தொற்றாது. மயக்கிய எலியை வலைமேல் கிடத்தியதும் இரண்டு கப்பும் இருபது நிமிடத்தில் சிவந்துவிட்டன. குடிக்காததை எல்லாம் பொறுக்கி வெளியே எடுத்தேன். மீதியை 20 டிகிரி இன்குபேட்டரில் வைத்தாயிற்று.

இனி ஒரு நாள்தான் முக்கியம். அதற்குள் ஒட்டுண்ணி ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, கருவுற்று, ஊகினீட் என்னும் நகரும் வடிவமாகி, குடல் சுவரைத் துளைத்து மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஊசிஸ்ட் என்னும் உருண்டையாக வளரும். காட்டுக் கொசுவில் ஆயிரக்கணக்கில் உள்ளே போனால் கடைசியில் தேறுவது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மலேரியாவின் முழுச் சுற்றிலும் ஒட்டுண்ணி இவ்வளவு குறைவாக இருக்கும் கட்டம் வேறு இல்லை.

அதே ஒரு நாளில் குடல் பாக்டீரியாவும் ரத்தத்தைத் தின்று நூறு மடங்குக்கும் மேல் பெருகிவிடும். ஒரே பந்தியில் இரண்டு கூட்டம். சில பாக்டீரியாக்கள் சும்மா இருந்தே காரியத்தைச் சாதிக்கும். அவை இருப்பதாலேயே கொசுவின் எதிர்ப்புச் சக்தி விழித்திருக்கும், அந்த அடி ஒட்டுண்ணிக்கும் விழும். சில நேரடியாகவே இறங்கும். ஜாம்பியாவில் பிடித்த கொசுக்களின் குடலில் கிடைத்த ஒரு என்டிரோபாக்டர், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உமிழ்ந்து ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்று 2011-ல் காட்டினார்கள்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கப்பிலிருந்தும் ஐந்து கொசுவை எடுத்து, ஆல்கஹாலில் கழுவி, குடலை நசுக்கிப் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் தடவி வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

'அ' தட்டு நிரம்பி வழிகிறது. வெள்ளை, பழுப்பு, நடுவில் நல்ல சிவப்பாக ஒன்று, செராஷியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். 'ஆ' தட்டு காலியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெளிர் மஞ்சளில் பதினோரு புள்ளிகள். அத்தனை மருந்தையும் ஐந்து நாள் குடித்துவிட்டு இது மட்டும் எப்படி? குடலைக் காலி செய்ததாக எழுதி வைத்ததை அடித்துவிட்டு 'குறைத்தேன்' என்று திருத்தினேன். ஒரு புள்ளியை டி.என்.ஏ. வரிசைக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 13

'ஆ' கப்பில் மூன்று செத்தன. வேறொன்றுமில்லை.

மார்ச் 15, சனி

காத்திருக்கும் நாளில் மணல் ஈ பற்றிப் படித்தேன். தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டது.

காலா அசார் நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா, மணல் ஈக்குள் குடலைத் தாண்டுவதே இல்லை. அங்கேயே பெருகி, அங்கேயே தொற்றும் வடிவமாக மாறி, கடிக்கும்போது வாய் வழியாக வெளியேறுகிறது. அந்த ஈக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், கொசுவில் நடந்ததுபோல் ஒட்டுண்ணி கொழிக்க வேண்டும் அல்லவா? 2017-ல் பார்த்தபோது நேர்மாறு: பாக்டீரியா இல்லாத குடலில் லீஷ்மேனியா தொற்றும் வடிவத்துக்கு ஒழுங்காக மாறவே இல்லை. 2018-ல் இன்னொரு சேதி: ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணியோடு குடல் பாக்டீரியாவும் தோலுக்குள் இறங்குகிறது. அதைப் பார்த்து வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன, அந்தக் கலவரத்தில் ஒட்டுண்ணி காலூன்றிக்கொள்கிறது.

தூக்க நோயைப் பரப்பும் செட்ஸே ஈ மறுபடி கொசுவின் பக்கம். அதன் தாய் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைக் கருப்பையில் வைத்துப் பாலூட்டி வளர்க்கும். விக்கிள்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியாவும் அந்தப் பாலோடுதான் பிள்ளைக்குப் போகிறது. அது கிடைக்காமல் வளர்ந்த ஈ முட்டை வளர்க்காது, தூக்க நோய் ஒட்டுண்ணியிடமும் எளிதில் விழுந்துவிடும்.

ஆக, 'நல்ல பாக்டீரியா' என்று கட்டுரைகளில் எழுதும்போது எந்தப் பூச்சிக்கு, எந்த ஒட்டுண்ணிக்கு எதிராக என்று சேர்த்து எழுதாவிட்டால் அது வெறும் தயிர் விளம்பரம்.

மார்ச் 18, செவ்வாய்

பத்தாம் நாள். கப்புக்கு இருபது குடல். வயிற்றின் கடைசிக் கண்ணியை ஊசியால் மெல்ல இழுத்தால் குடல் வழுக்கிக்கொண்டு வரும். முதல் மூன்றைப் பிய்த்துவிட்டேன், பிறகு கை வசப்பட்டது. மெர்குரோக்ரோம் சாயத்தில் ஊறவைத்து ஊசிஸ்ட்டுகளை எண்ணினேன்.

'அ': இருபதில் இரண்டு குடலில் தலா ஒன்று. 'ஆ': ஒன்றுகூட இல்லை.

அதிகம் இருக்க வேண்டிய கப்பில் சுத்தமாக இல்லை! மஞ்சள் புள்ளி நினைவுக்கு வந்தது. மற்றதெல்லாம் செத்த பிறகு அது தனிக்காட்டு ராஜாவாகப் பெருகி ஒட்டுண்ணியைத் தீர்த்துக்கட்டியிருந்தால்?

மார்ச் 19, புதன்

இரவெல்லாம் ஸ்பெயினின் ட்ரெஸ் காந்தோஸ் கதையைப் படித்தேன். அங்கே ஒரு மருந்து நிறுவன ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்கள் ஏனோ தொற்றை ஏற்க மறுத்தன. சோதனை கெட்டதென்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்ததில் குடலில் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா. அது சுரக்கும் ஹார்மேன் என்ற சிறு மூலக்கூறுதான் ஒட்டுண்ணியை முடக்குகிறது. ஊசிஸ்ட்டுகள் ஏறக்குறைய 75 சதவீதம் குறைகின்றன. 2023-ல் வெளியானது, புர்கினா ஃபாசோவில் வலையடைத்த பெரிய கூடாரங்களிலும் சோதித்திருக்கிறார்கள். கொசுவையும் அது கொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். தன்னைக் கொல்லாத ஒன்றுக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளக் கொசுவுக்கு அவசரம் இருக்காது.

காலையில் அக்காவிடம் ஓடினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிப்பா. 'ஆ' கப்பை மஞ்சள் காப்பாத்திடுச்சு. 'அ' கப்பை யார் காப்பாத்துனது?"

பதில் இல்லை. 'அ' கப்பில் நாற்பது ஐம்பது ஊசிஸ்ட்டாவது இருந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவே விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

மார்ச் 20, வியாழன்

இன்குபேட்டரின் திரையில் 20. உள்ளே தனியாக வைத்த தெர்மாமீட்டரில் 25.

எலி மலேரியா 19 முதல் 21 டிகிரிக்குள்தான் கொசுவில் ஒழுங்காக வளரும். 25-ல் ஊகினீட் உருவாவதே அபூர்வம். பாக்டீரியா யாரையும் காப்பாற்றவில்லை. சென்சார் கெட்டிருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

டி.என்.ஏ. முடிவு வந்தது. எலிசபெத்கிங்கியா. ஆய்வகக் கொசுக்களில் வெகு சாதாரணம்; பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இயல்பிலேயே அசையாதது. அதனால்தான் தப்பியிருக்கிறது. டப்பாவில் 'பொக்கிஷம்' என்று எழுதி ஃப்ரீசரில் வைத்திருந்தேன்; பெயரை மாற்றினேன்.

பக்கத்தில் கிடந்த இன்னொரு ஆய்வுக் கட்டுரை சற்று யோசிக்க வைத்தது. மருந்து சாப்பிடும் மனிதரின் ரத்தத்தில் உள்ள ஆன்டிபயாடிக்கும் கொசுவின் குடலுக்குள் போகிறது. அங்குள்ள பாக்டீரியாவைக் கலைத்து, கொசுவை மலேரியா பரப்புவதில் இன்னும் கெட்டிக்காரியாக்குகிறது என்று 2015-ல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். என் 'ஆ' கப் நான் நினைத்த அளவுக்குச் செயற்கையானதல்ல.

மார்ச் 24, திங்கள்

புதுத் தொகுதி, புது இன்குபேட்டர், கதவில் டேப் போட்டு ஒட்டிய தெர்மாமீட்டர். காலை 20.2, மாலை 19.9. 'ஆ' கப்பின் சர்க்கரையில் இந்த முறை ஜென்டாமைசினும் சேர்த்தேன். மஞ்சள் அதற்காவது மசியுமா என்று வரும் வாரம் தட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மசியாது என்று அக்கா பந்தயம் கட்டியிருக்கிறார்.