'தனிப்பட்ட தகவல்' என்று மனுவைத் திருப்பினால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுநலன் பெரிதென்றால் தனிப்பட்ட தகவலையும் தரச் சொன்னது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியையே வெட்டிவிட்டது. பெரிய இழப்பு. நல்லவேளை, அதே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிழைத்திருக்கிறது: வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம்.

அதை மனுவிலேயே காட்டுங்கள். உதாரணமாக, வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலுக்குப் பெயர், ஊர், தொகை, தேதி போதும். "ஆதார், கைபேசி, வங்கிக் கணக்கு எண்களை 10-ஆம் பிரிவின்படி மறைத்துத் தரவும்" என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்களைக் காட்டியே முழுப் பட்டியலையும் மறுப்பார்கள். (மானியப் பயனாளிகள் விவரம், 4(1)(பி)-யின்படி கேட்காமலே வெளியிட வேண்டியதுதான்.)

மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மறுத்தது சரியென்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி பொதுத் தகவல் அலுவலருடையது.