கண்மாய்க்கரைக்கு எத்தனை கிலோமீட்டர்?

எங்க நடைப்பயிற்சிக் குழுவுக்கு ஆண்டு விழா. "ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுக்கப்போறேன், எழுத்துப்பிழை இருக்கான்னு பாருப்பா"ன்னு செக்ரட்டரி மாமா வாட்ஸப்ல அனுப்பியிருந்தார். சந்திப்பிழைகூட இல்ல. மாமா கும்பிடுற போட்டோவுக்குக் கீழதான் வில்லங்கம்: "தென் தமிழகத்தின் மிக நீளமான கண்மாய்க்கரை நடைபாதை! 4 கி.மீ.!!"

போனைப் போட்டேன். "மாமா, நாலு கிலோமீட்டர்னு யாரு அளந்தது?"

"தெனம் நடக்குறவனுக்குத் தெரியாதா?"

"சரி, மிக நீளம்னு எப்படி? மத்த கண்மாய்க்கெல்லாம் போய்ப் பாத்தீங்களா?"

"இதவிட நீளமா ஒண்ணு இருந்தா இந்நேரம் எவனாவது ஃப்ளெக்ஸ் வச்சிருப்பான்ல?"

மதுரையில இருந்துக்கிட்டு இந்த வாதத்த எப்படி மறுக்குறது? அத்தோட விட்டிருக்கலாம். மறுநாள் காலையில பருத்திப்பால் குடிக்கிறப்ப வாய் சும்மா இருக்கல. அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல கேட்டி டிரெயில்னு ஒண்ணு இருக்கு, பழைய ரயில் பாதைய நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாத்தியிருக்காங்க, சுமார் 386 கி.மீ. பக்கத்துல நெப்ராஸ்காவுல கௌபாய் டிரெயில், முழுசா முடிஞ்சா 517 கி.மீ. எது பெருசுங்கிறது அந்த "முடிஞ்சா"வ எப்படி எடுத்துக்கிறோம்கிறதப் பொறுத்ததுன்னு விளக்கிக்கிட்டிருந்தேன்.

மாமா கிளாஸைக் கீழ வச்சார். "ரயில் ஓடாத பாதைல நடக்குறதுதான் பெருமைன்னா, நம்ம போடி லைன் என்ன பாவம் பண்ணுச்சு?"

பேச்சு வரல எனக்கு. மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில 2010 கடைசியில நிறுத்தினாங்க. போடிக்குத் திரும்ப ரயில் வர 2023 ஆயிருச்சு. 90 கி.மீ. பாதை. அதுல நடந்த ஆடுமாடுகளுக்கு ஒரு செக்ரட்டரி மட்டும் இருந்திருந்தா!

சரி, அளந்துருவோம்னு முடிவாச்சு. மடையில ஆரம்பிச்சு கலுங்கு வரைக்கும் மூணு பேர் போனை வச்சுக்கிட்டு நடந்தோம். என் போன் 1.79ன்னுச்சு. பேங்க் அண்ணன் போன் 1.94. மூணாவது போன் 2.31! அவர் பாதி வழியில கருவேல மரத்தடியில நின்னு யார் கூடவோ கால் மணி நேரம் குடும்பக் கதை பேசினார். ஆள் நின்னாலும் ஜிபிஎஸ் புள்ளி நிக்காது, அங்கிட்டும் இங்கிட்டும் சில மீட்டர் தாவிக்கிட்டே இருக்கும், அத்தனையும் தூரத்துல சேரும். உடம்பு நோகாம நடக்குறதுக்கு இதவிட நல்ல வழி கிடையாது.

அப்பத்தான் ரிட்டயர்டு சர்வேயர் அய்யா உள்ள வந்தார். "போனையெல்லாம் பைக்குள்ள போடுங்க. சைக்கிள எடுத்துட்டு வாங்க."

மாரத்தான் பாதைய அளக்குறதும் சைக்கிள்லதான். முன்சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு எண்ணி மாட்டுவாங்க. அளந்தப்புறம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவே சேத்துப்பாங்களாம். சாதனை பண்ணவன பின்னாடி ஒருத்தன் "தூரம் கம்மி"ன்னு மடக்கிறக் கூடாதுல்ல. எங்களுக்குக் கிடைச்சது பால்காரர் சைக்கிளும், கம்பியில கட்ட ஒரு சிவப்புத் துணியும்.

சாக்பீஸால கோடு போட்டு ஒரு சுத்து உருட்டினோம். டேப்புல 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். நான் ஏறி உக்காரப் போனேன். அய்யா காலரைப் புடிச்சு இழுத்தார். "நீ உக்காந்தா டயர் அமுங்கும், சுத்தளவு மாறும். தள்ளிக்கிட்டே அளந்தோம்ல? தள்ளிக்கிட்டே போ."

துணி மேல வர்றப்பல்லாம் ஒரு எண்ணிக்கை. முதல் தடவை 312ல ஒரு பெரியவர், "ஏப்பா, பஞ்சரா? கடை அங்கிட்டு இருக்கு"ன்னார். "இல்லங்கய்யா, அளக்குறோம்"னேன். "எதை?"ன்னார். பதில் சொல்லி முடிச்சப்ப 312ஆ 321ஆன்னு தெரியல. திரும்ப மடைக்கே வந்தோம். ரெண்டாவது தடவை எருமை குறுக்க வந்துச்சு. அது கேள்வி கேக்காது, அதனால கணக்கு தப்பிச்சுச்சு.

845 சுத்து. அய்யா பாக்கெட் டைரியில பெருக்கினார். 1,859 மீட்டர்.

"மாமா, ரெண்டு கிலோமீட்டரே வரல."

மாமா அசரல. "எங்கருந்து எண்ணுனீங்க?"

"மடையிலருந்து."

"மடையில எவன்யா ஆரம்பிக்கிறான்? பருத்திப்பால் கடையில ஆரம்பிக்கணும்."

கடையிலருந்து மடைக்கு 64 சுத்து. அதையும் சேத்தா 909. போகவர ரெண்டு மடங்குன்னு மாமா அடுத்த குண்டைப் போட்டார். "திரும்பி நடந்து வராம கலுங்குலயேவா குடியிருக்கேன்?"

அய்யா பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையும் பெருக்கினார். கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை பெருக்கினார். 3,999 மீட்டர் 60 சென்டிமீட்டர்.

கடையில யாரும் பேசல. நான்தான் மெதுவா, "நாலு கிலோமீட்டருக்கு நாப்பது சென்டிமீட்டர் குறையுது மாமா"ன்னேன்.

மாமா கொஞ்சம் யோசிச்சார்.

"கிளாஸ வாங்க கைய நீட்டுறேன்ல? அதச் சேரு."