கால்சட்டையின் ஊர் எது?

சொற்பிறப்பு அகராதியில் கடன்சொல்லுக்குப் பதிவு எழுதும்போது ஆளை ஏமாற்றுவது சாயல்தான். இலத்தீனில் கால்சட்டைக்கு 'பிராக்கா' என்று பெயர். நூல்களில் பெரும்பாலும் பன்மையாகவே, 'பிராக்கை' என வரும். டோகா என்ற நீள்துணியை உடலில் சுற்றி உடுத்திய ரோமானியருக்கு அது அயலார் உடை. கெல்டிக் மொழி பேசிய காலியர் வாழ்ந்த காலியாவின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) தென்பகுதியையே முன்பு 'பிராக்காட்டா', அதாவது கால்சட்டைக்காரர் நாடு, என்றுதான் அழைத்தார்கள். சீசர் காலியரை மேலவையில் சேர்த்தபோது, அவர்கள் கால்சட்டையைக் கழற்றிவிட்டு மேலவையினரின் அகலக்கரை ஆடைக்கு மாறியதாக ஊரார் பாடியதை ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் உடை அயலாருடையது என்பது சொல்லுக்குச் சான்றாகாது. ஒலிதான் சாட்சி சொல்ல வேண்டும். முதலில் தொடக்க மெய். சமஸ்கிருத 'ப்ராதா', ஆங்கில 'பிரதர்', இலத்தீன் 'ஃபிராட்டர்' மூன்றும் ஒரே சொல். ஆக, இது இலத்தீனின் சொந்தச் சொல்லாயிருந்தால் 'ஃப'வில் தொடங்கியிருக்கும். கெல்டிக் மொழிகளில் அந்த ஒலி 'ப'வாகும் (ஆங்கில b). எனவே காலியர் வழி வந்தது என்பது பொருந்துகிறது.

இங்கேயே பேனாவை மூடிவிடுவதுதான் வழக்கமான பிழை. நடு மெய்யையும் பார்க்க வேண்டும். இலத்தீனில் வயலுக்கு 'அகெர்'. அதன் உறவுதான் நாம் நிலம் அளக்கும் 'ஏக்கர்'. மெலிந்த ககரத்தை (g) வல்லொலியாக்கியது (k) ஜெர்மானியக் கிளை. 'பிராக்கா'வின் நடுவிலும் அந்த வல்லொலிதான் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் கால்சட்டை 'பிரோக்', பன்மை 'பிரேக்'. பிற்கால 'பிரீச்சஸ்' அதன் வழி வந்தது. ஆகவே ஜெர்மானிய மொழியில் 'ஆ' இன்னும் 'ஓ' ஆகாத காலத்தில் காலியர் அதை வாங்கி, அவர்களிடமிருந்து ரோம் வாங்கியது என்பதே வலுவான விளக்கம். ஜெர்மானியர்தான் காலியரிடமிருந்து வாங்கினர் என்று எதிர்த்திசையில் வாதிப்பவரும் உண்டு. அதனால் 'காலிய மொழி வழி' என்பதை ஒரு வரியிலும், 'மூலம் ஜெர்மானியமாகலாம்' என்பதைத் தனி வரியிலும் எழுதுவதே நேர்மை.

ஸ்பானிய 'பிராகாஸ்' என்பதன் மெலிந்த ககரத்தைக் காட்டி இந்த விளக்கத்தை மறுக்க முடியாது. இலத்தீன் 'லாக்குஸ்' (ஏரி) ஸ்பானியத்தில் 'லாகோ' ஆனதுபோல அதுவும் பின்னால் மெலிந்ததே.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவனம் தேவை. 'பிராகா' என்று ஒற்றைக் ககரம் போட்டால் வாசகர் அதை மெலித்தே படிப்பார். வழக்கே அந்த ஓர் ஒலியில்தான் நிற்கிறது; ஒற்று இரட்டிக்காவிட்டால் சான்று அழிந்துவிடும்.

பொருள்விளக்கத்தில் 'காலியர் உடை' என்று சுருக்குவதும் தவறு. கருங்கடலோர டோமிஸில் குளிருக்குத் தோலும் தைத்த கால்சட்டையும் அணிந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது ரோமானியக் கவிஞர் ஒவிட் இதே சொல்லைத்தான் எழுதுகிறார். அவர்கள் காலியர் அல்லர்.